சக்கரவர்த்தியை முடக்கிய கால் வலி

1555-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி. பிரஸ்ஸல்ஸ் நகர அரண்மனையின் பெரிய மண்டபத்தில் பிரபுக்களும் அதிகாரிகளும் நிறைந்திருந்தார்கள். ஐரோப்பாவின் மாபெரும் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் உள்ளே வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். மற்றொரு கை ஓர் இளைஞரின் தோளைப் பற்றியிருந்தது. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் அவரால் பத்தடி நடக்க முடியவில்லை.

அப்போது அவருக்கு வயது 55. பார்த்தவர்களுக்கோ எழுபதைக் கடந்த கிழவராகத் தோன்றினார். அன்றுதான் அவர் தம் பதவியைத் துறக்கத் தொடங்கினார்.

போரில் தோற்று முடியை இழந்த அரசர்கள் உண்டு. சதியால் இழந்தவர்களும் உண்டு. சார்லஸ் தாமாகவே இறக்கி வைத்தார். அதற்கு அரசியல் காரணங்கள் பல. ஆனால் அவரை அந்த முடிவுக்குத் தள்ளிய காரணங்களில் ஒன்று அவரது கால் பெருவிரலில் தொடங்கியது. கீல்வாதத்தில் ஒரு வகையான அந்த நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் கௌட்.

ஆறு வயதில் தந்தையை இழந்தவர்

சார்லஸ் பிறந்தது 1500-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரில். தந்தை பிலிப், பர்கண்டி வம்சத்து வாரிசு. தாய் ஜுவானா, ஸ்பெயின் அரச தம்பதியான பெர்டினாண்டு - இசபெல்லாவின் மகள். கொலம்பசைக் கடல் கடந்து அனுப்பி வைத்தவர்கள் அந்தத் தாத்தா பாட்டிதான்.

ஆறு வயதில் தந்தை இறந்தார். தாய்க்கு மனநிலை சரியில்லை என்று சொல்லி ஸ்பெயினில் ஒரு கோட்டையில் அடைத்து வைத்தார்கள். பையனை வளர்த்தவர் அத்தை மார்கரெட்.

நாலு பக்கமிருந்தும் சொத்து வந்து சேர்ந்தது. தந்தை வழியில் நெதர்லாந்து. தாய் வழியில் ஸ்பெயின், தென் இத்தாலி, அமெரிக்கக் குடியேற்றங்கள். தந்தையின் தந்தை வழியில் ஆஸ்திரியா. 1516-ம் ஆண்டில், 16 வயதில் ஸ்பெயினின் மன்னர் ஆனார். 1519-ம் ஆண்டில் ஜெர்மானிய நாடுகளின் சக்கரவர்த்தியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மெகல்லனின் கப்பல்கள் உலகைச் சுற்றப் புறப்பட்டது அதே ஆண்டில், இவரது கொடியின் கீழேதான். 1521-ம் ஆண்டில் வோர்ம்ஸ் நகரச் சபையில் மார்ட்டின் லூதர் நின்றது இவர் முன்னால்தான். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் அந்தப் பாடம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும்.

தாடையும் தட்டும்

சார்லசுக்குப் பிறவியிலேயே ஒரு குறை. கீழ்த்தாடை முன்னே நீண்டு, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராது. வாய் எப்போதும் சற்றுத் திறந்தே இருக்கும். உணவைச் சரியாக மெல்ல முடியாது. பெரிய பெரிய துண்டுகளாக விழுங்குவது பழக்கமாகிவிட்டது.

ஆனால் பசிக்குக் குறைவில்லை. விடிவதற்கு முன் பாலில் வெந்த கோழி. நண்பகலில் ஏறக்குறைய இருபது வகைப் பதார்த்தங்கள். மாலையில் ஒரு சாப்பாடு, நள்ளிரவில் மீண்டும் ஒன்று. மாட்டிறைச்சி, வேட்டைப் பறவைகள், விலாங்கு மீன், நெத்திலி எல்லாம் இஷ்டம். எழுந்தவுடன் குளிர்ந்த பீர், சாப்பாட்டோடு ஒயின். ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு விருந்தைக் கண்ட ரோஜர் ஆஷம் என்ற இங்கிலாந்து அறிஞர், சக்கரவர்த்தி கோப்பையில் வாய் வைத்தால் எடுக்க மற்றவர்களை விடப் பல மடங்கு நேரம் ஆனதை வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

வைத்தியர்கள் தடுத்துப் பார்த்தார்கள். அவருக்குப் பாவ மன்னிப்பு அளித்த பாதிரியாரும் கண்டித்துப் பார்த்தார். நாடுகளை எல்லாம் தம் சொல்லுக்குக் கட்டுப்படுத்தியவர் தம் நாக்கைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

28 வயதில் முதல் வலி

1528-ம் ஆண்டில், 28-வது வயதில் முதல் தடவையாக வலி வந்தது. இந்த நோய் பெரும்பாலும் வருவது போல் வந்தால் அது இப்படித்தான் இருக்கும்: இரவு நன்றாகப் படுப்பார். விடியற்காலையில் காலின் பெருவிரல் அடிமூட்டு நெருப்பில் வைத்தது போல் எரியும். மூட்டு சிவந்து வீங்கிப் பளபளக்கும். மேலே போர்வை பட்டாலும் உயிர் போகும். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல் நடக்கலாம்.

இந்த இடத்தில்தான் நோயாளி ஏமாறுகிறார். வலி போனதும் நோயும் போய்விட்டது என்று எண்ணுகிறார். சார்லசும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். மீண்டும் விருந்து, மீண்டும் பீர். சில மாதம் கழித்து மறுபடி வலி. பிறகு இடைவெளி குறைந்தது. பெருவிரலை விட்டு முழங்காலுக்கு வந்தது. அங்கிருந்து கைக்கு ஏறியது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

நம் உடம்பின் அணுக்கள் தேய்ந்து அழியும்போதும், சில உணவுகள் ஜீரணமாகும்போதும் பியூரின் என்ற பொருளிலிருந்து யூரிக் அமிலம் உண்டாகிறது. இது எல்லாருக்கும் உள்ளதுதான். இதில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். மீதி குடல் வழியாகப் போகும்.

உற்பத்தி கூடினாலோ, சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாவிட்டாலோ யூரிக் அமிலம் ரத்தத்தில் தேங்கும். 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் வரை அது கரைந்திருக்கும். அதற்கு மேல் போனால் ஊசி போன்ற மிகச் சிறு படிகங்களாக மூட்டுகளில் படியலாம். உடம்பில் குளிர்ச்சியான இடங்களில் படிவது எளிது. கால் பெருவிரலில் முதலில் வருவதற்கு இது ஒரு காரணம். அந்தப் படிகங்களை அந்நியப் பொருளாகக் கருதி ரத்த வெள்ளணுக்கள் தாக்குகின்றன. அந்தச் சண்டைதான் வீக்கமும் வலியும்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு அடிப்படைக் கோளாறு சிறுநீரகம் அமிலத்தைக் குறைவாக வெளியேற்றுவதுதான். இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. சார்லசின் மகன் இரண்டாம் பிலிப்பும் இதே நோயால் வாடி, கடைசிக் காலத்தில் கால் நீட்டி உட்காரும் தனி நாற்காலியில் கிடந்தார். ஆகவே சார்லசின் நோய்க்குச் சாப்பாடு மட்டுமே காரணம் என்று பழி சொல்வது நியாயம் ஆகாது. பிறப்பிலேயே விறகு அடுக்கப்பட்டிருந்திருக்கும். அதில் இறைச்சியும் பீரும் நெருப்பு வைத்தன.

பறங்கிப்பட்டை வைத்தியம்

சக்கரவர்த்திக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர் வெசாலியஸ். மனித உடலை அறுத்துப் பார்த்து 1543-ம் ஆண்டில் புகழ் பெற்ற உடற்கூறு நூலை வெளியிட்டவர் அவர்தான். அன்றைய மருந்துகள் ரத்தம் வடிப்பது, பேதிக்குக் கொடுப்பது, மூலிகைக் கஷாயம் ஆகியவை. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மரக்கட்டையின் கஷாயமும் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் போர்த்துக்கீசியர்கள் கீழை நாடுகளிலிருந்து ஒரு கிழங்கைக் கொண்டு போனார்கள். சீனாக் கிழங்கு என்று ஐரோப்பாவில் அதற்குப் பெயர். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்று கட்டிக் கொடுப்பது அதுவேதான். சார்லஸ் அந்தக் கஷாயத்தைக் குடித்தார் என்ற செய்தி பரவியதும் ஐரோப்பா எங்கும் அதற்குக் கிராக்கி ஏறியது. வெசாலியஸ் 1546-ம் ஆண்டில் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் ஊரார் புகழ்ந்த அளவுக்கு அவர் அதைப் புகழவில்லை. சக்கரவர்த்திக்கும் நிலையான குணம் கிடைக்கவில்லை.

படத்தில் குதிரை, பயணத்தில் பல்லக்கு

1547-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி மூல்பெர்க் என்ற இடத்தில் சார்லசின் படை ஜெர்மானியப் பிரபுக்களின் படையை முறியடித்தது. அந்த வெற்றியை டிஷியன் என்ற மாபெரும் ஓவியர் மறு ஆண்டில் தீட்டினார். கவசம் பூண்டு, கையில் ஈட்டியுடன் கம்பீரமாகக் குதிரை மேல் வீற்றிருக்கிறார் சக்கரவர்த்தி. இன்றும் மாட்ரிட் நகரில் அந்தப் படம் இருக்கிறது.

படத்தில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆண்டுகளில் வலி வந்த நாட்களில் எல்லாம் சக்கரவர்த்தி பல்லக்கில்தான் பயணம் செய்தார்.

ஐந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1552-ம் ஆண்டு மே மாதம், கூட இருந்த மாரிஸ் என்ற பிரபுவே எதிரியாகித் திடீரென்று இன்ஸ்புருக் நகரை நோக்கிப் படையுடன் வந்தார். சார்லஸ் அப்போது கால் வலியில் படுத்த படுக்கையாக இருந்தார். கொட்டும் மழையில், இருட்டில், தீவட்டி வெளிச்சத்தில் பல்லக்கில் ஏற்றி மலைக் கணவாய் வழியாகத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். உலகின் பெரும் சக்கரவர்த்திக்கு அப்படி ஓர் இரவு.

இழந்த பெயரை மீட்க அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த மெட்ஸ் கோட்டையை முற்றுகையிடப் புறப்பட்டார். வழியில் மீண்டும் நோய். படை முன்னே போய்விட்டது. தலைவர் வாரக்கணக்கில் வழியிலேயே தங்கினார். நவம்பர் 20-ந் தேதிதான் பாசறைக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் கடும் குளிர் பிடித்துக்கொண்டது. சிப்பாய்கள் நோயிலும் பனியிலும் செத்து விழுந்தார்கள். 1553-ம் ஆண்டு பிறந்ததும் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

மெட்சில் தோற்றதற்குக் கோட்டையின் பலம், எதிரியின் திறமை, குளிர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இலையுதிர் காலத்தில் போன அந்த வாரங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. தலைவரின் மூட்டு வீங்கினால் அதற்கான விலையைச் சாதாரணச் சிப்பாய் கொடுத்தான்.

முத்திரையை உடைக்க முடியாத கை

நாளடைவில் கைவிரல்கள் கோணிப் போயின. நோய் முற்றினால் யூரிக் அமிலப் படிகங்கள் கட்டி கட்டியாகத் திரண்டு தோலுக்கு அடியில் சுண்ணாம்பு உருண்டை போல் நிற்கும். எலும்பையே அரித்துவிடும். 1556-ம் ஆண்டில் பிரெஞ்சு மன்னரின் கடிதத்துடன் வந்த தூதர் கண் முன்னால், கடிதத்தின் முத்திரையை உடைக்கச் சக்கரவர்த்தி பட்ட பாடு அங்கிருந்தவர்களைக் கலங்கச் செய்தது. உலகத்துக்கு உத்தரவு எழுதிய கை அது.

1555-ம் ஆண்டு அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் மண்டபத்தில் அவர் பேசியபோது தம் வாழ்நாள் பயணங்களுக்குக் கணக்குச் சொன்னார். ஜெர்மனிக்கு 9 முறை, ஸ்பெயினுக்கு 6, இத்தாலிக்கு 7, நெதர்லாந்துக்கு 10, பிரான்சுக்கு 4, இங்கிலாந்துக்கு 2, ஆப்பிரிக்காவுக்கு 2. ரயில் இல்லாத காலம். குதிரையும் பாய்மரக் கப்பலும்தான். அத்தனை தூரம் போன கால்கள் அன்று மேடை ஏற மறுத்தன. மண்டபத்தில் பலர் அழுதார்கள்.

அவர் தோள் பற்றியிருந்த இளைஞரின் பெயர் ஆரஞ்ச் வில்லியம். பின்னாளில் சார்லசின் மகன் பிலிப்பை எதிர்த்து நெதர்லாந்தில் விடுதலைப் போர் நடத்தியவர் அவரே. சரித்திரத்தில் இப்படியும் வேடிக்கை நடக்கிறது.

நெதர்லாந்தையும் ஸ்பெயினையும் மகனுக்குக் கொடுத்தார். சக்கரவர்த்திப் பட்டத்தைத் தம்பி பெர்டினாண்டுக்கு விட்டார்.

மடத்தில் கடைசி நாட்கள்

1557-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி ஸ்பெயினின் மலைப்பகுதியில் உள்ள யுஸ்தே என்ற துறவிகள் மடத்தை அடைந்தார். மடத்தை ஒட்டிச் சிறிய மாளிகை ஒன்று கட்டியிருந்தார்கள். படி ஏற முடியாதவருக்காகச் சரிவான பாதை. படுக்கையில் இருந்தபடியே கோவிலின் பீடத்தைப் பார்க்க ஒரு கதவு. காலை நீட்டி வைக்கத் தனியாகச் செய்த நாற்காலி. பொழுதுபோக்குக்கு விதவிதமான கடிகாரங்கள். அவற்றைக் கவனிக்க ஜுவானேலோ என்ற இத்தாலியக் கைவினைஞர்.

முடியைத் துறந்தவர் சாப்பாட்டை மட்டும் துறக்கவில்லை. பீர் காய்ச்சுவதற்கு நெதர்லாந்திலிருந்து ஆள் கூடவே வந்திருந்தார். நெத்திலியும் விலாங்கும் கவுதாரியும் தொலைவிலிருந்து வந்து கொண்டே இருந்தன. அவருடைய அரண்மனை அதிகாரி கிஹாதா இதைக் கண்டு வேதனைப்பட்டுத் தலைநகருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பலன் இல்லை.

1558-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி சார்லஸ் காலமானார். உயிரைக் கொண்டு போனது கால் வலி அல்ல, மலேரியா காய்ச்சல். கௌட் நோய் அவரது உயிரை எடுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் அவரை வாட்டியது, அவ்வளவுதான்.

448 ஆண்டுகள் கழித்து சாட்சி

1574-ம் ஆண்டில் மகன் பிலிப், தந்தையின் உடலை எஸ்கோரியல் என்ற பெரிய மாளிகைக்கு மாற்றினார். உடல் அழுகாமல் தானாகவே உலர்ந்திருந்தது. அதிலிருந்து பிரிந்த கைவிரல் நுனி ஒன்று தனியாகச் சிறு பெட்டியில் பாதுகாக்கப்பட்டு வந்தது.

அந்த விரலைப் பார்சிலோனாவைச் சேர்ந்த டாக்டர்கள் சோதித்து 2006-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பூதக்கண்ணாடிக் கருவியில் ஊசி ஊசியாக யூரிக் அமிலப் படிகங்கள் குவிந்து தெரிந்தன. எலும்பு அரிக்கப்பட்டிருந்தது. சக்கரவர்த்திக்கு இருந்தது கடுமையான கௌட் நோய்தான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பின்னர் நடந்த சோதனையில் அதே விரலில் மலேரியாக் கிருமியின் தடயமும் கிடைத்தது. கடிதத்தின் முத்திரையை உடைக்க முடியாத கையின் விரல் 448 ஆண்டுகளுக்குப் பிறகு உண்மையைச் சொன்னது.

இன்று மருந்து உண்டு

சார்லசுக்கு இல்லாத வசதி இன்று மாதச் சம்பளக்காரருக்கும் இருக்கிறது. வலி வந்த சமயத்தில் தணிக்க வீக்கம் குறைக்கும் மாத்திரைகள், கோல்சிசின், ஸ்டீராய்டு ஆகியவை உண்டு. இவற்றில் எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்து. காலை உயர்த்தி வைத்து ஓய்வு எடுப்பதும், துணியில் சுற்றிய ஐஸ் கட்டி வைப்பதும் உதவும்.

அடிக்கடி வலி வருபவர்களுக்கும், கட்டி திரண்டவர்களுக்கும் யூரிக் அமிலத்தையே குறைக்கும் மருந்து வேண்டும். 1966-ம் ஆண்டு முதல் புழக்கத்தில் உள்ள அலோபியூரினால் அவற்றில் முக்கியமானது. குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, ரத்தத்தில் அளவு 6-க்குக் கீழே வரும்படி டாக்டர்கள் பார்த்துக் கொள்கிறார்கள். ஆரம்ப மாதங்களில் வலி ஒன்றிரண்டு தடவை வரலாம். அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் உடம்பில் தடிப்போ கொப்புளமோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் ஓட வேண்டும். வலி இல்லாத நாளிலும் மாத்திரை சாப்பிடுவதுதான் இந்த வைத்தியத்தின் ரகசியம்.

உணவில் பீர், சாராயம், ஈரல் - குடல் போன்ற உள்ளுறுப்புகள், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, மத்தி, நெத்திலி, சர்க்கரை கலந்த குளிர்பானங்கள் ஆகியவற்றைக் குறைப்பது நல்லது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பருப்பு, கீரை வகைகளைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மோர் நல்லது. ஆனால் பத்தியம் மட்டும் இருந்தால் அமிலம் கொஞ்சம்தான் இறங்கும். மருந்து தேவைப்படுபவருக்குப் பத்தியம் ஈடாகாது. ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருக்கும் எல்லாருக்கும் இந்த நோய் வருவதும் இல்லை. வலியே இல்லாதவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மிரண்டுவிட வேண்டாம்.

ஒரு காலத்தில் இதை ராஜாக்களின் நோய் என்றார்கள். இறைச்சியும் மதுவும் அவர்களுக்குத்தான் தினமும் கிடைத்தன. இன்று குடும்பத்தை ஊரில் விட்டு வந்து மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளும் தொழிலாளிக்கும் இது வருகிறது. ஓவர்டைம் வேலையில் தண்ணீர் குடிக்க மறந்து, சம்பள நாளில் பீர் குடிப்பவருக்கு வழி இன்னும் சுலபம். விடியற்காலையில் பெருவிரல் வீங்கினால் சுளுக்கு என்று தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

கோல்சிசின் மருந்து எடுக்கப்படும் செடிகளில் ஒன்று தமிழ்நாட்டு வேலி ஓரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுவே. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் திண்டுக்கல், தாராபுரம் வட்டாரங்களில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். மருந்து தயாரிக்க அந்த விதை வெளிநாடு போகிறது. கிழங்கும் விதையும் கடும் விஷம். யாரும் வீட்டில் வைத்தியம் செய்து பார்க்கக் கூடாது. ஆலையில் அளந்து செய்த மாத்திரைதான் மருந்து.

பறங்கிப்பட்டைக் கஷாயத்துக்காகக் கீழை நாட்டுக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்தார் சார்லஸ். வலியைத் தணிக்கும் சரக்கு அதே கீழை நாட்டு வேலி ஓரத்தில் பூத்துக் கிடந்தது. அதைப் பக்குவமாக அளந்து கொடுக்கும் அறிவு அன்று பிறக்கவில்லை. இன்று பிறந்திருக்கிறது. மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரையை டாக்டர் சொன்னபடி தினமும் சாப்பிடும் ஒரு குமாஸ்தா, அந்தச் சக்கரவர்த்தியை விடக் கொடுத்து வைத்தவர்.